புதுமீனும் புதுத்தண்ணீரும்

கண்டி நகரில் வண்ணமீன் விற்குங் கடைகளிலிருந்து, சனிக்கிழமை மாலைகளில், பொலித்தீன் பையுங் கையுமாக வெளிவருஞ் சிறுவரைக் காணலாம். பைக்குள்ளே இரண்டு மூன்று கப்பி மீன்கள் துள்ளிக்கொண்டிருக்கும். திங்கட்கிழமை காலையில் அவற்றுள் ஒன்று மல்லாந்து மிதக்கும். பிள்ளை அழும், வீட்டிலுள்ள பெரியோர், "கடைக்காரன் நோய்மீனைத் தந்துவிட்டான்" என்று தீர்ப்புக் கூறுவர். கடைக்காரரிடத்துப் பிழை இருத்தலுங் கூடும். ஆயினும் பெரும்பாலும் பிழை தண்ணீரிலேதான்.

மீன் தன் உடலுக்கென வெப்பத்தை உண்டாக்கிக் காத்துக்கொள்வதில்லை. சூழவுள்ள நீரின் வெம்மையே அதன் உடலின் வெம்மை. கடைகளில் விற்கப்படும் மீன்களுட் பல, நீர் 27, 28 பாகை வெப்பத்தில் நிற்குந் தாழ்நிலங்களிற் குஞ்சு பொரித்து வளர்ந்தவை. கண்டியோ கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் மேலே உள்ளது. மார்கழி, தை மாத இரவுகளில் இங்கு குளிர் 18 பாகை அளவுக்கு இறங்குவதுண்டு. வெந்நீரில் வளர்ந்ததைத் தண்ணீரில் திடீரெனக் கொட்டினால் அதன் நோயெதிர்ப்பு வலிமை தளர்ந்துவிடும். உடலெங்கும் உப்புத் தூவினாற்போன்ற வெண்புள்ளி நோய் அவ்வேளை பார்த்தே தொற்றும். ஆகவே, பையை அவிழ்க்காமலே தொட்டி நீரின்மேற் கால் மணி நேரம் மிதக்கவிடுதல் முதல் வேலை. வெயில் படாதிருத்தல் வேண்டும். மூடிய பை வெயிலில் விரைவாகச் சூடேறிவிடும்.

வெப்பம் ஒத்துவந்தபின் தொட்டி நீரைச் சிறு கிண்ணத்தால் மொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையாகப் பையுட் சேர்த்து, அரை மணி நேரத்தில் மீனை வலையால் எடுத்துத் தொட்டியில் விடலாம். திகனைப் பக்கத்துச் சுண்ணக்கற் பாறைகளிடையே ஊறுங் கிணற்று நீருக்கும், நகரத்துக் குழாய் நீருக்கும் உள்ள வேறுபாட்டைச் சவர்க்காரம் போட்டுத் துணி துவைப்போர் அறிவர். அவ்வேறுபாட்டை மீனின் செவுள் இன்னும் நுட்பமாக உணரும்.

மெதுவாகச் செய்தலே நன்று என்று எண்ணி மணிக்கணக்கிற் பையைத் திறந்து வைத்திருப்போரும் உளர். நெடுந்தூரம் வந்த மீனுக்கு இது கேடு. மூடிய பையில் மீன் விடும் மூச்சினாற் காபனீரொட்சைட்டு நிறைந்து, நீர் சிறிது அமிலத்தன்மை அடைகிறது. அதே நீரில் மீனின் கழிவான அமோனியாவும் சேர்ந்திருக்கும். எனினும் அமில நீரில் அது பெரும்பாலுந் தீங்கற்ற வடிவில் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு வெளியேறும், அமிலத்தன்மை குறையும், அடங்கிக் கிடந்த அமோனியா நஞ்சாக மாறிச் செவுளைத் தாக்கும். எனவே, தொலைவிலிருந்து வந்த மீனுக்கு, பை திறந்தபின் தாமதம் ஆகாது. பையிலுள்ள தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுதலும் ஆகாது.

கண்டியின் குழாய் நீரிற் பெரும்பகுதி கெட்டம்பேயில் மகாவலியிலிருந்து எடுத்துத் தூய்மை செய்யப்படுவது. கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரின் மனிதருக்குக் காப்பு. மீனுக்கோ செவுளை எரிக்கும் மருந்து. அகன்ற வாளியில் ஒருநாள் திறந்து வைத்தால் அது பெரும்பாலும் அகன்றுவிடும்.

இவ்வளவுஞ் செய்தும் புதுத்தொட்டியில் மீன் இறப்பதுண்டு. காரணம், அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதனை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் அங்கு இன்னும் குடியேறாமையே. அவை பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். பழைய தொட்டி வைத்திருக்கும் அயலவரிடம் வடிகட்டியின் பஞ்சுத்துண்டொன்றை வாங்கிப் புதுத்தொட்டியில் இடுதல் காசில்லாத, ஆனாற் கைகண்ட வழி. ஏற்கெனவே மீனுள்ள தொட்டியாயின், புதியவற்றை இரண்டு மூன்று வாரம் வேறு தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே சேர்க்க வேண்டும். இவ்விதியைப் பலரும் முதலாவது இழப்பின் பின்னரே கைக்கொள்கின்றனர்.

இடம் மாறி வாழும் ஆற்றல் மீனுக்கு இல்லாததன்று. இலங்கைக்கே உரிய சிறுமீனொன்றைச் சிங்கள மக்கள் 'புலத் ஹப்பயா' என்பர். வெற்றிலை சப்புவது என்பது பொருள். ஆண்மீனின் சிவந்த முகத்தைக் கண்டு இட்ட பெயர். தென்மேற்கு நாட்டின் நிழலோடைகளே அதன் தாயகம். 1980களின் தொடக்கத்தில், ஆய்வாளர்கள் அதனையும் வேறு சில இனங்களையுங் களனி வடிநிலத்திலிருந்து கொண்டுபோய்க் கினிகத்தேனைப் பக்கத்தில் மகாவலிக்குரிய ஓடையொன்றில் விட்டனர். குளிர்ந்த, நிழல் படர்ந்த, ஒத்த ஓடையைத் தேர்ந்து விட்டமையால் அது அங்கே நிலைத்துப் பெருகியது.

வீட்டுத்தொட்டியிலும் முதல் நாள் விளக்கை அணைத்து, உணவிடாது விடுதல் தக்கது. மறுநாட் காலையில் ஒரு சிட்டிகை உணவு போதும். அதைப் பிள்ளையின் கையாலேயே இடச்செய்யலாம்.