வீட்டுக்கு பிராட்பேண்ட்: பக்கத்து வீட்டில் விசாரியுங்கள்!

நெல் கொள்முதலுக்கு ஆன்லைனில் பதியும் விவசாயிக்கும், பட்டுச்சேலையை வாட்ஸ்அப்பில் காட்டி விற்கும் காஞ்சிபுரம் நெசவாளருக்கும் இணைப்பு போனால் அன்றைய வேலை போச்சு. ‘எந்த கம்பெனி நல்லது?’ என்று பலரும் கேட்கிறீர்கள். கம்பெனியைவிட, உங்கள் தெருவுக்குக் கேபிள் இழுத்தவர் யார் என்பதைப் பாருங்கள். பி.எஸ்.என்.எல். ஃபைபர்கூட பல ஊர்களில் உள்ளூர் ஆபரேட்டர் மூலமாகத்தான் வருகிறது. ஐப்பசி மழையில் கேபிள் அறுந்தபோது எத்தனை நாளில் வந்து சரிசெய்தார்? அதே லைன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளதைச் சொல்லிவிடுவார்.

விளம்பரத்தில் 399 ரூபாய் என்றால், 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்த்து 471 ரூபாய் ஆகும். மோடத்துக்குத் தனிக் கட்டணமா என்றும் கேளுங்கள். வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். அவசரப்படாமல், ஒரு மழைக்காலம் முடியும்வரை மாதாமாதம் கட்டுங்கள். கரன்ட் போனால் ஃபைபர் மோடமும் நின்றுவிடும்; இன்வெர்ட்டர் இருந்தால் அதில் சேர்த்துவிடுங்கள்.