கடிச்சா கல்லு... கனிஞ்சா கற்கண்டு! - பேரிக்காயில் சர்க்கரை சேர்க்காத கோடை இனிப்பு செய்வது எப்படி?

வாங்கிய அன்றே கடித்தால் கல். 'ரெண்டு நாள் போகட்டும்' என்று கூடையில் போட்டு மறந்துவிட்டால், வெளியே பளபளப்பு, வெட்டினால் நடுவில் பழுப்பு. பல வீடுகளில் பேரிக்காயின் கதை இதுதான். பெயரிலேயே 'காய்' ஒட்டிக்கொண்டிருப்பதாலோ என்னவோ, உப்பு, மிளகாய்த்தூள் தொட்டு கொய்யாக்காய் மாதிரி சாப்பிடுவதே நமக்குப் பழக்கம்.

ஆனால், சரியான நாளில் வெட்டினால் கோடை இனிப்புக்குச் சர்க்கரை டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

கடையில் ஏன் கல் மாதிரி இருக்கு?

மணி வடிவில் இருக்கும் ஐரோப்பிய ரகங்கள் உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் பழுப்பவை. மரத்திலேயே விட்டால் நடுப்பகுதி குழைந்துவிடும். அதனால் முற்றியதும், கடினமாக இருக்கும்போதே பறித்துவிடுவார்கள். கோடையில் நம் கடைகளுக்குத் தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் இருந்து குளிரூட்டி வரும் பேரிக்காய்கள் இந்த வகைதான். பறித்த பிறகே அவற்றின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, சதை மென்மையாகிறது.

கொடைக்கானல், நீலகிரியில் இருந்து ஜூலை, ஆகஸ்ட்டில் வரும் நாட்டுப் பேரி வேறு ரகம். தடித்த சுவர் கொண்ட 'கல் செல்கள்' அதில் அதிகம். மெல்லும்போது மணல் மாதிரி நறநறப்பது இதனால்தான். பஞ்சாபில் பிரபலமான ரகத்தின் பெயரே 'பத்தர்நாக்'. பத்தர் என்றால் கல்! இவை எத்தனை நாள் வைத்தாலும் வெண்ணெய் போலக் குழையாது. வேகவைத்தால்தான் ருசி.

பழுத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறத்தை நம்ப வேண்டாம். காம்புக்குப் பக்கத்தில், கழுத்துப் பகுதியைக் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். கொஞ்சம் அமுங்கினால் ரெடி. வயிற்றுப் பகுதியே அமுங்கினால் நாள் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

சீக்கிரம் பழுக்க வேண்டுமா? வாழைப்பழத்துடன் காகிதப் பையில் போட்டு வெளியே வையுங்கள். வாழைப்பழம் வெளியிடும் எத்திலீன் வாயு வேலையை முடித்துவிடும். தினமும் ஒருமுறை கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். பழுத்ததும் ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் சில நாள் தாங்கும்.

3 எளிய இனிப்புகள்

தயிர்ப் பேரி: நன்கு பழுத்த 2 பழங்களைத் தோலோடு பொடியாக நறுக்கி, பாதியை மசியுங்கள். ஒரு கப் கெட்டித் தயிர், ஒரு சிட்டிகை ஏலக்காய்த்தூள் சேர்த்துக் குளிரவைத்தால் போதும்.

பேரி ஐஸ்: பழுத்த துண்டுகளில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு தெளியுங்கள், கறுக்காது. ஃபிரீசரில் இரவு முழுக்க வைத்து, 2 ஸ்பூன் தேங்காய்ப்பால் ஊற்றி மிக்ஸியில் விட்டுவிட்டு அரைத்தால், குச்சி ஐஸ் கேட்கும் குழந்தைகளுக்கு இதுவே போதும்.

சுக்குப் பேரி: நாட்டுப் பேரிக்கு ஏற்றது. நான்காக வெட்டி, மூழ்கும் அளவு தண்ணீர், தட்டிய சுக்கு, 2 ஏலக்காய் போட்டு, சிறு தீயில் 20 நிமிடம் வேகவிடுங்கள். பழம் புளிப்பாக இருந்தால் மட்டும் கொஞ்சம் பனங்கற்கண்டு. ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, சாறோடு பரிமாறலாம்.

சர்க்கரை சேர்த்தால் என்ன ஆகும்?

100 கிராம் பேரிக்காயில் சுமார் 57 கலோரி, 3 கிராம் நார்ச்சத்து, ஏறக்குறைய 10 கிராம் இயற்கைச் சர்க்கரை இருக்கிறது. ஒரு டேபிள்ஸ்பூன் வெள்ளைச் சர்க்கரையோ சுமார் 12 கிராம். அதாவது, ஒரே ஒரு டேபிள்ஸ்பூன் போட்டாலே இனிப்பு இரட்டிப்புக்கும் மேல் போய்விடும். பழம் கனியக் காத்திருக்கும் அந்த சில நாள்தான் இதை மிச்சப்படுத்துகிறது.

நார்ச்சத்தில் கணிசமான பங்கு தோலில் இருப்பதால், நன்றாகக் கழுவித் தோலோடு சாப்பிடுவது நல்லது.

யாருக்குக் கவனம் தேவை?

பேரிக்காயில் சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் உண்டு. அளவு மீறினால் சிலருக்கு வயிறு உப்புசம், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரலாம். சர்க்கரை நோயாளிகள் ஜூஸாகக் குடிக்காமல் பழமாகவே, அதுவும் அன்றைய உணவுக் கணக்கில் சேர்த்தே சாப்பிட வேண்டும். 'சர்க்கரை சேர்க்கலையே' என்று நாலு கிண்ணம் உள்ளே தள்ளினால், அந்தக் கணக்கு உதைக்கும்!