சுருங்கிய இரைப்பையும் சுண்ணாம்புச் சத்தும்

அமெரிக்காவின் அயோவா சர்வகலாசாலையில் ரண சிகிச்சை நிபுணராக விளங்கிய எட்வர்டு மேசன், வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்த நோயாளிகள் அதன்பின் இளைத்தே இருந்துவிடுவதைக் கவனித்து, அதனையே ஆதாரமாகக் கொண்டு, 1966-ஆம் ஆண்டில், சிகாஷி இட்டோ என்னும் சகாவுடன் சேர்ந்து, அளவு கடந்த ஸ்தூல சரீரத்தைக் குறைப்பதற்கென்றே இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையைத் தொடங்கி வைத்தார். ஆனால் வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையை இழந்தவர்களிடம் வைத்தியர்கள் வேறொன்றையும் கண்டிருந்தனர். வருஷங்கள் செல்லச் செல்ல அவர்களில் பலருக்கு ரத்தம் வெளுத்தது, சிலருக்கு எலும்பு வலுவிழந்து மிருதுவாயிற்று. உடல் இளைப்பதும் உடலுக்குச் சத்துக் குறைவதும் ஒரே மாறுதலின் இரண்டு பலன்கள் என்பது இந்தச் சிகிச்சை பிறப்பதற்கு முன்பே தெரிந்திருந்த விஷயம்.

இன்று நம் நாட்டிலும் பரவியுள்ள சிகிச்சைகளில் ஒன்று, இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பாகத்தை வெட்டி நீக்கி, எஞ்சியதைக் குழாய் வடிவில் விட்டுவைப்பது. மற்றொன்று மாற்றுவழிச் சிகிச்சை, அதாவது இரைப்பையின் உச்சியில் சிறு பையொன்றை மட்டும் பிரித்து, முன்சிறுகுடலைத் தாண்டி, அதற்கு அப்பாலுள்ள குடற்பகுதியோடு அதனை இணைத்துவிடுவது. முதல் வகையில் அமிலம் சுரக்கும் பரப்பு பெரிதும் போய்விடுகிறது. இரண்டாம் வகையில் அமிலம் குறைவதோடு, கால்சியமும் இரும்பும் முக்கியமாகக் கிரகிக்கப்படும் முன்சிறுகுடலை ஆகாரம் தொடாமலே செல்கிறது. ஆகவே மாத்திரை என்பது இவர்களுக்குப் புஷ்டிக்காக உண்ணும் உபரிப் பொருளன்று. போய்விட்ட ஓர் அவயவத்தின் வேலையை ஆயுள் முழுவதும் செய்யவேண்டிய பதிலாள். மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, மாறிப்போன இந்த வழியில் அதில் எவ்வளவு உள்ளே போய்ச் சேரும் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

சுண்ணாம்புச் சத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். மருந்துக் கடையில் மலிவாகவும் தாராளமாகவும் கிடைப்பது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லும் கிளிஞ்சலும் எப்பொருளால் ஆனவையோ அதே பொருள். அது கரைவதற்கு அமிலம் வேண்டும். இரைப்பையில் அமிலமே சுரக்காத சிலருக்கு, 1985-ஆம் ஆண்டில், ராபர்ட் ரெக்கர் என்ற அமெரிக்க வைத்தியர் வெறும் வயிற்றில் கால்சியத்தைக் கொடுத்துப் பரிசோதித்தபோது, கார்பனேட்டாகக் கொடுத்ததில் நூற்றுக்கு 4 பங்கே உடலில் சேர்ந்தது. கால்சியம் சிட்ரேட் என்னும் மற்றொரு வடிவில் கொடுத்ததில் 45 பங்கு சேர்ந்தது. உணவோடு கொடுத்தபோது கார்பனேட்டும் அவர்களிடம் இயல்பாகவே கிரகிக்கப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனினும் சிகிச்சை செய்துகொண்டவர் ஒரு வேளைக்கு உண்பதே சில கவளங்கள் என்பதையும், அமிலத்தை அடக்கும் மாத்திரையைப் பல மாதங்கள் அவர் விழுங்க நேர்வதையும் எண்ணிப் பார்த்தால், வைத்திய சங்கங்கள் சிட்ரேட்டையே விரும்பிச் சொல்வதன் நியாயம் விளங்கும். மாற்றுவழிச் சிகிச்சைக்குப் பின் ஜீரணமாகாத கொழுப்பு, குடலில் கால்சியத்தைப் பற்றிக்கொள்ள, கட்டுப்படாமல் நிற்கும் ஆக்ஸலேட் ரத்தத்தில் புகுந்து சிறுநீரகத்தில் கல்லாகப் படியக்கூடும். அங்கேயும் கல் உண்டாவதைத் தடுக்கச் சிட்ரேட் உதவுகிறது.

சிட்ரேட்டிலும் ஒரு சிரமம் உண்டு. கார்பனேட்டின் எடையில் நூற்றுக்கு 40 பங்கு கால்சியம் என்றால், சிட்ரேட்டில் 21 பங்குதான். எனவே மாத்திரையும் பெரிது, எண்ணிக்கையும் அதிகம், செலவும் கூடுதல். அட்டையின் முகப்பில் கொட்டை எழுத்தில் 1,000 மில்லிகிராம் கால்சியம் சிட்ரேட் என்று அச்சிட்டிருந்தால், அதிலுள்ள தனிக் கால்சியம் 210 மில்லிகிராம் அளவே என்பதை அறியாமல், தேவைக்கு மேலேயே உண்பதாக நம்பித் தேவையில் பாதியைக்கூட எட்டாதிருப்பவர்களை நினைக்கையில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. ஏனெனில் அவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர், நாள் தவறாமல் மருந்துண்பவர்கள். பின்புறத்தில் சிறிய எழுத்தில் தனிக் கால்சியத்தின் அளவு தந்திருக்கும், அதுவே கணக்கு. மேற்சொன்ன இரு சிகிச்சைகளுக்கும் உணவில் கிடைப்பதும் சேர்த்து நாளொன்றுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் வேண்டும். ஒரு தடவைக்கு 500 அல்லது 600-க்கு மேல் குடல் நன்கு ஏற்பதில்லையாதலால், அதனை இரண்டு மூன்று வேளைகளாகப் பிரித்தே உண்ணவேண்டும். இரும்புச் சத்து மாத்திரையைக் கால்சியத்திலிருந்து இரண்டு மணி நேரமாவது விலக்கி வைப்பதும், அதனைத் தேநீரோடு விழுங்காதிருப்பதும் அவசியம்.

டி வைட்டமின் இல்லையேல் இவ்வளவு கால்சியமும் வீண். நாள்தோறும் 3,000 அலகு என்பது தொடக்கம். ரத்தத்தில் அதன் அளவு மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமைத் தாண்டுகிறதா என்று பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். வாரம் ஒருமுறை பாலில் கலந்து குடிக்கும் 60,000 அலகுப் பொடியை, பரிசோதனை எதுவுமின்றி வருஷக்கணக்கில் தொடர்வதும் தவறு, ஒரு மாதம் குடித்துவிட்டு மறந்துவிடுவதும் தவறு.

இங்கே பலரை ஏமாற்றும் பரிசோதனை ஒன்றுண்டு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இருதயமும் தசைகளும் தடுமாறுமாதலால், விளைச்சல் பொய்த்த வருஷத்தில் குதிரைத் திறந்து நெல்லை எடுப்பதுபோல, தேகமானது எலும்பில் சேர்த்து வைத்ததைக் கரைத்து ரத்தத்தின் அளவைச் சரியாகவே வைத்துக்கொள்கிறது. ஆகவே ‘கால்சியம் நார்மல்’ என்று வந்த காகிதத்தைக் கண்டு மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. எலும்பைக் கரைக்கும்படி ஆணையிடும் பாராதைராய்டு ஹார்மோன் உயர்ந்திருக்கிறதா என்று கூடவே பார்த்தால்தான் உண்மை வெளிப்படும்.

பி-12 வைட்டமினின் கதை வேறு. பாஸ்டன் நகரத்து வைத்தியர் வில்லியம் கேஸில், 1920-களின் பிற்பகுதியில், மாட்டிறைச்சியைத் தாமே உண்டு, ஒரு மணி நேரத்துக்குப் பின் அதனைத் தம் இரைப்பையிலிருந்து மீண்டும் வெளியே எடுத்து, கொடிய ரத்தசோகை கண்ட நோயாளிகளுக்குக் குழாய் வழியே செலுத்தினார். அதே இறைச்சியை நேராக உண்டபோது தேறாத அவர்களது ரத்தம் இப்போது தேறலாயிற்று. இரைப்பை தானே சுரக்கும் ஒரு பொருள் துணைநின்றாலன்றி இச்சத்து உடலில் சேராது என்பது இவ்விதமாக நிரூபணமாயிற்று. இரைப்பை சுருங்கியவரிடம் அந்தத் துணை குறைந்துவிடுகிறது. ஆயினும் அத்துணையின்றியே நூற்றுக்கு ஒரு பங்கு குடற்சுவர் வழியே கசிந்து நுழைகிறது, 2.4 மைக்ரோகிராமே அன்றாடத் தேவையாகையால், 1,000 மைக்ரோகிராம் மாத்திரையில் கசிவதே போதுமானதாகிவிடும். மாத்திரை ஒவ்வாதவருக்கு மாதம் ஓர் ஊசி. கல்லீரலில் இதன் சேமிப்பு வருஷக்கணக்கில் நிற்பதால் குறைபாடு மெதுவாகவே தலைகாட்டும். பாலும் தயிரும் தவிர வேறு வழியில்லாத சைவ உணவினருக்கு அந்தச் சேமிப்பே சொற்பமாக இருக்கலாம். ஃபோலிக் அமிலத்தை மட்டும் உண்டு ரத்தத்தைத் தேற்றிக்கொண்டால், சோகை மறைந்து, நரம்பின் கேடு மாத்திரம் ஓசையின்றி வளரும்.

தயமின் என்னும் பி-1, பி-12-க்கு நேர்மாறானது. அதன் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே காணும். சிகிச்சைக்குப் பின் முதல் சில மாதங்களில் ஒருவர் ஓயாது வாந்தியெடுத்து ஆகாரமின்றிக் கிடந்தால், பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, புத்தி தடுமாறும் மூளை நோய் சில வாரங்களிலேயே வந்துவிடக்கூடும். தாமதித்தால் நினைவாற்றல் மீளாமலே போவதும் உண்டு. அத்தருணத்தில் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால், சோர்வைக் கண்டு அங்கே முதலில் ஏற்றுவது குளுக்கோஸாக இருக்கலாம். குளுக்கோஸைச் செலவிடத் தயமின் தேவையாகையால், மிஞ்சியிருந்த துளியும் அதில் தீர்ந்து நோய் முற்றிவிடும். ஆகையால் இரைப்பைச் சிகிச்சை நடந்திருக்கிறது, வாந்தி இத்தனை நாளாக நிற்கவில்லை என்ற இரண்டு செய்திகளையும் கூட இருப்பவர் வாசலிலேயே சொல்லி, குளுக்கோஸுக்கு முன்பாகத் தயமினை ரத்தக் குழாய் வழியே செலுத்தும்படி வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.