குவாரியும் சுரங்கம்தான்

மதுரையை அடுத்த மேலூர் பக்கம் யாரிடமாவது சுரங்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நெய்வேலி என்பார். வயதானவராக இருந்தால் கோலார் தங்கவயல் என்பார். கீழவளவிலும் தெற்குத்தெருவிலும் கிரானைட் எடுத்த பள்ளங்கள் அவருக்குக் குவாரி, அவ்வளவுதான். சட்டத்துக்கு அந்த வித்தியாசம் கிடையாது. 2025 வரை நடப்பில் இருந்த 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படியே கல்குவாரியும் சுரங்கமாகத்தான் இருந்தது; வெடி வைக்காத, ஆழம் குறைந்த சிறு குவாரிகளுக்கு மட்டும் சில விலக்குகள்.

சுரங்கம் என்று ஒப்புக்கொண்டால் 1966-இன் தொழிற்பயிற்சி விதிகளும் கூடவே வரும். பயிற்சி பெறாத ஆளைப் பள்ளத்தில் இறக்கக் கூடாது. வெடி வைப்பவருக்கு பிளாஸ்டர் சான்றிதழ், ஆட்களைக் கவனிப்பவருக்கு மேட் சான்றிதழ், அதற்கு மேல் போர்மேன், மேனேஜர். சான்றிதழ் தருவது தன்பாத் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம்.

பயிற்சியில் சொல்வது ஒன்றும் பெரிய ரகசியமல்ல. மேலிருந்து படிப்படியாக வெட்டி இறங்கு. அந்தப் படிக்குப் பெஞ்ச் என்று பெயர். அடியைக் குடைந்து மேல்பாறையைத் தொங்கவிடாதே. வெடி வைத்த பிறகும் மழை பெய்த பிறகும் கம்பியால் தட்டிப் பார். கணீரென்றால் கல் உறுதி. பொத்தென்றால் உள்ளே விரிசல், விலகி நில். மதுரைக்கு இது புதிதா என்ன? மீனாட்சியம்மன் கோயிலில் இசைத்தூண் செதுக்கியவர்களும் கல்லைத் தட்டிக் கேட்டுத்தான் தேர்ந்திருப்பார்கள்.

கம்ப்ரசரும் பொக்லைனும் இரையும் பள்ளத்தில் அந்தக் காது எங்கே? 2022 மே மாதம் நெல்லை அடைமிதிப்பான்குளத்தில் பாறை சரிந்து 4 பேர் இறந்தார்கள். 2025 மே 20-இல் நமக்குப் பக்கத்திலேயே, சிங்கம்புணரி அருகே மல்லாக்கோட்டையில் மறுபடியும் சரிவு. மாண்டவர்களில் ஒருவர் ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்தவர். அவருக்கு எந்த மொழியில் எச்சரிக்கை சொல்வோம்?

மதுரை கிரானைட் என்றதும் 2012-இல் முறைகேடு பற்றி ஆட்சியர் சகாயம் எழுதிய அறிக்கையும், காணாமல்போன கல்லின் மதிப்பும்தான் பேச்சாகிறது. கல்லுக்குக் கணக்குக் கேட்ட நாம், அதை வெட்டியவர் வேலை பழகியவரா என்று கேட்கவில்லை.

சுரங்கப் படிப்பே இல்லை என்று சொல்ல முடியாது. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பி.இ. மைனிங் இருக்கிறது. ஆனால் பாறைக்கு நேர்கீழே நிற்பவர் பொறியாளர் அல்ல, துளையிடும் டிரில்லர்.

மேலூர்ச் சாலையில் பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் கோ.புதூர் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. மேட், பிளாஸ்டர் தேர்வுகளுக்கு அங்கே தமிழிலும் இந்தியிலும் மாலை வகுப்பு நடத்தலாம். குவாரிக்கு அனுமதி கொடுக்கும்போதே ஆட்களின் பயிற்சிச் சான்றுகளை மேசையில் வைக்கச் சொல்லி அதிகாரிகள் கேட்கட்டும்.