ஒரே இரவில் மலிவான சந்தை

2021 மார்ச் 31 அன்று இந்தியப் பங்குச் சந்தையில் ஒரு வேடிக்கை நடந்தது. நிஃப்டி 50 குறியீடு ஏறத்தாழ ஒரு சதவீதம் இறங்கியது. அதில் விசேஷம் ஒன்றுமில்லை. ஆனால் முந்தைய நாள் 40-ஐ ஒட்டி இருந்த அதன் பி.இ. விகிதம் 33 அளவுக்கு வந்துவிட்டது. பி.இ. என்பது விலையை லாபத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். விலை அதிகம் அசையாமல் விகிதம் இவ்வளவு விழுந்தால், லாபம் திடீரென்று பெருகியிருக்க வேண்டும். அப்படியும் இல்லை. எந்த லாபத்தால் வகுப்பது என்பதை தேசியப் பங்குச் சந்தையான என்.எஸ்.இ. மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

அதுவரை தாய் நிறுவனத்தின் தனிக் கணக்கை மட்டும் எடுத்தார்கள். அன்றுமுதல் துணை நிறுவனங்களையும் சேர்த்த 'கன்சாலிடேட்டட்' கணக்கு. வீட்டு வருமானம் எவ்வளவு என்று கேட்டால் அப்பா சம்பளத்தை மட்டும் சொல்வதா, அம்மாவும் மகளும் சம்பாதிப்பதையும் சேர்ப்பதா என்பது போன்ற வித்தியாசம் இது. சேர்ப்பதே நியாயம். ரிலையன்ஸ் பங்கை வாங்குகிறவர், அதன் துணை நிறுவனமான ஜியோவின் லாபத்துக்கும் சேர்த்துத்தானே விலை கொடுக்கிறார்!

இன்று ஸ்கிரீனர் போன்ற தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தட்டினால் பி.இ., புத்தக மதிப்பு, கடன் விகிதம், பத்தாண்டு விற்பனை எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நிற்கின்றன. வகுத்தல் கணக்கு ஆரம்பப் பள்ளிச் சமாச்சாரம். மும்பைப் பங்குச் சந்தையான பி.எஸ்.இ.யில் பட்டியலான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் அறிக்கைகளிலிருந்து சரியான எண்ணைச் சரியான இடத்தில் எடுப்பதுதான் பெரும்பாடு.

அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் இளம் வயதில் இந்த வேலையைக் கையாலேயே செய்தார். நிறுவனங்களின் கணக்குகளைத் தொகுத்துத் தந்த மூடிஸ் கையேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு அறிக்கைகள் கணினிக்கு வந்தன. ஆனாலும் 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க நிறுவனங்களின் மின் அறிக்கைகளைப் பார்க்கத் தனியார் தரவு நிறுவனங்களுக்குக் காசு கட்ட வேண்டியிருந்தது. கார்ல் மலமூத் என்பவர் அவற்றை இணையத்தில் இலவசமாகப் போட்டார். மக்கள் பழகிய பிறகு, 1995-இல் சேவையை நிறுத்தப்போவதாக அறிவித்தார். எழுந்த சத்தத்தில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமே அதை ஏற்று நடத்த வேண்டியதாயிற்று. எட்கர் என்ற அந்தத் தரவுத்தளம் இன்றும் இலவசம்தான்.

படிப்பது மனிதர்களாக இருக்கும்வரை இது போதும். கணினிக்குப் போதாது. ஒரு பி.டி.எஃப். பக்கத்தில் '1,250' என்று இருந்தால், அது லாபமா கடனா, லட்சமா கோடியா, காலாண்டுக்கா ஆண்டுக்கா என்று அதற்குத் தெரியாது. 1998-இல் சார்ல்ஸ் ஹாஃப்மன் என்ற அமெரிக்கக் கணக்காளருக்கு ஒரு யோசனை தோன்றியது: ஒவ்வொரு எண்ணின் மேலும் அதன் முழு ஜாதகத்தையும் ஒட்டிவிட்டால் என்ன? அதிலிருந்து வளர்ந்ததுதான் எக்ஸ்.பி.ஆர்.எல். என்னும் முறை. இது இன்ன நிறுவனத்தின் நிகர லாபம், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை, ரூபாயில், தனிக் கணக்கில் என்று எண்ணே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். அமெரிக்கா 2009-இல் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கி இதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் கம்பெனி விவகார அமைச்சகம் 2010-11 நிதியாண்டுக் கணக்கிலிருந்து, பட்டியலான நிறுவனங்கள் உட்படக் குறிப்பிட்ட வகை நிறுவனங்களுக்குக் கொண்டுவந்தது. முதலீட்டு உலகில் நட்சத்திரங்களைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் உண்டு; இந்தக் கணக்காளரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அநியாயம்.

இவ்வளவு இருந்தும் இரண்டு தளங்கள் ஒரே பங்குக்கு இரண்டு பி.இ. காட்டும். ஒன்று கடைசி நான்கு காலாண்டு லாபத்தைக் கூட்டியிருக்கும். மற்றது முடிந்த நிதியாண்டோடு நின்றிருக்கும். ஒன்று நிலம் விற்று வந்த ஒருமுறை லாபத்தை ஒதுக்கியிருக்கும், மற்றது அப்படியே விட்டிருக்கும். இரண்டையும் பிழை என்று சொல்ல முடியாது.

உண்மையான பிழை பங்குப் பிரிப்பின்போது வரும். 1,000 ரூபாய்ப் பங்கு, ஒரு பங்கு லாபம் 50 ரூபாய், பி.இ. 20. முகமதிப்பை 10 ரூபாயிலிருந்து 2 ரூபாயாகப் பிரித்தால், ஒரு பங்கு ஐந்தாகி, விலை 200-க்கு வரும். தளம் விலையை உடனே மாற்றி, லாபத்தைப் பழைய 50-லேயே விட்டுவிட்டால், பி.இ. 4! 'பி.இ. 10-க்குக் கீழே உள்ள பங்குகள்' என்று வடிகட்டுகிறவருக்கு அது தங்கச் சுரங்கமாகத் தெரியும்.

தளம் சரியாகவே கணக்கிட்டாலும் ஏமாற வழி உண்டு. இரும்பு, சர்க்கரை போன்ற தொழில்களில் லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பி.இ. மிகக் குறைவாகத் தெரியும். அடுத்த ஆண்டு லாபம் சரிந்தால் மலிவாக வாங்கியது விலை உயர்ந்ததாகிவிடும். இதற்காகத்தான் பொருளியல் அறிஞர்கள் ராபர்ட் ஷில்லரும் ஜான் கேம்பலும் பணவீக்கத்தைக் கழித்த பத்தாண்டுச் சராசரி லாபத்தால் வகுக்கும் முறையை 1988-இல் முன்வைத்தார்கள். நஷ்டத்தில் ஓடும் நிறுவனத்துக்கோ பி.இ.யால் பயனே இல்லை. பல தளங்கள் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிடும்.

பட்டியலான நிறுவனங்கள் காலாண்டு முடிந்த 45 நாளுக்குள்ளும், நிதியாண்டு முடிந்த 60 நாளுக்குள்ளும் முடிவுகளை வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி. மூல அறிக்கை பி.எஸ்.இ. தளத்தில் யாருக்கும் இலவசம். ஒரு விகிதம் ஆச்சரியப்படும் அளவுக்கு மலிவாகத் தெரிந்தால், பணம் போடுமுன் அந்த அறிக்கையைத் திறந்து, அது தனிக் கணக்கா சேர்த்த கணக்கா, லாபம் எங்கிருந்து வந்தது என்ற இரண்டையும் பார்த்துவிடுங்கள்.