பால் கூடத்தின் கழிவுநீர்க் கால்வாய்

பால் பதப்படுத்தும் கூடம் கட்ட முற்படும் சங்கங்கள் கூரைக்குக் காட்டும் அக்கறையைக் கழிவுநீர்க் கால்வாய்க்குக் காட்டக் காணோம். சிந்திய பால் புளித்தால் லாக்டிக் அமிலம் உண்டாகி, சிமெண்டிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்கிறது. அரிப்புண்ட குழிகளில் லிஸ்டீரியா என்னும் கிருமி குடியேறும். குளிரறையிலும் அது பெருகவல்லது.

ஆகவே எவர்சில்வர் கால்வாயே உசிதம் என்போம். மூலைகள் வளைவாகவும், 100 அடிக்கு 1 அடி சரிவாகவும் இருத்தல் நலம். ஆனால் ஒப்பந்தப் பத்திரத்தில் ‘எவர்சில்வர்’ என்று மட்டும் எழுதினால் போதாது. கழுவும் குளோரின் மருந்தும் உப்பும் 304 ரகத்தில் புள்ளிபுள்ளியாய்த் துளையிடும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் நெடுநாள் தாங்கும். விலை கூடுதல்தான், தளத்தைப் பெயர்த்து மறுபடி போடும் செலவும் அங்கத்தினர் பணமன்றோ! காந்தம் வைத்துச் சோதிப்பதால் பயனில்லை. பொதுவாக இரண்டுமே ஒட்டா. ஆலையின் சோதனைச் சான்றிதழைக் கண்ட பின்னரே பட்டியலுக்குப் பணம் பட்டுவாடா செய்க.