மதுமேகம் – 6: மெலிந்த தேகத்துக்கு வரும் வியாதி

இராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில், எலுமிச்சைத் தோட்டங்களாலும் எலுமிச்சைச் சந்தையாலும் பெயர் பெற்று விளங்கும் புளியங்குடியில், "காப்பிக்குக்கூட நான் சீனி போடுவதில்லையே, தொந்தியும் கிடையாதே, எனக்கு எப்படி சுகர் வந்தது?" என்று மெலிந்த சரீரமுடைய ஒருவர் கேட்பாரானால், பத்தியம் தவறியவர் சொல்லும் சாக்கு அது என்று நாம் தள்ளிவிடுவது பெரும் அநீதியாகும்.

உண்ட சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கும்போது, அதைத் தசைகள் ஏற்றுக்கொள்ளும்படி செய்வதற்கும், கல்லீரல் தானாகச் சர்க்கரையை வெளிவிடுவதை அடக்குவதற்கும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது என்று சென்ற வாரம் கண்டோம். குடலைச் சுற்றியும் கல்லீரலினுள்ளும் கொழுப்பு படிந்துவிட்டால் இந்த ஏற்பாடு குலைகிறது. குளம் நிறைந்திருந்தும் மடை தூர்ந்தமையால் வயல் காய்வதைப்போல, இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தும் தசைகளுக்கு அது சென்று சேர்வதில்லை. கணையம் முன்னிலும் அதிகமாகச் சுரந்து சில வருஷங்கள் ஈடுகொடுக்கிறது. அதன் சக்தி தளரும் காலத்தில்தான் வியாதி வெளிப்படுகிறது.

அந்தக் கொழுப்பு மெலிந்தவரிடம் எங்கிருந்து வந்தது? புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக், 1993-இல் தொடங்கிய தம் ஆராய்ச்சியில், அப்பகுதிக் கிராமங்களில் பிறந்த சிசுக்களின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ என்றும், இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரத்துச் சிசுக்களுக்கோ அது 3.5 கிலோ என்றும் கண்டார். ஆயினும், இத்தனை சிறுத்துப் பிறந்த நம் குழந்தைகளிடம் தசையே பெரிதும் குறைந்திருந்ததேயன்றிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தாய்க்குப் போதிய போஷாக்கு இல்லாதபோது, கருவிலிருக்கும் சிசு மூளையைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தசையையும் கணையத்தையும் சுருக்கிக்கொள்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் ஹேல்ஸும் பார்க்கரும் 1992-இல் முன்வைத்த கருத்தோடு இது பொருந்துகிறது. பிறவியோடு வருவதென்றும் அபத்திய ஆகாரத்தால் வருவதென்றும், மதுமேகத்தையும் உள்ளடக்கிய பிரமேகம் என்னும் நோயைச் சுசுருத சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூல் இரண்டாகப் பிரித்தது. நம் காலத்து நோயாளியின் தேகத்திலோ, பிறவியின் குறையும் பின்னாளைய வாழ்க்கையும் ஒன்றாகவே கூடி நிற்கின்றன என்பது என் துணிபு.

அந்தப் பின்னாளைய வாழ்க்கை மாறிப்போன விதத்தைப் புளியங்குடி வட்டாரத்திலேயே காணலாம். மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் இறைக்கிறது. உரலும் உலக்கையும் ஓய்ந்துவிட்டன. கம்பும் சோளமும் உண்ட வீடுகளில், தவிடு முழுவதும் நீங்கத் தீட்டிய வெள்ளையரிசியே மூன்று வேளைக்கும் சோறாகவும் இட்டிலியாகவும் தோசையாகவும் வருகிறது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பொழுதெல்லாம் பீடி சுற்றும் பெண் ஓயாமல் உழைக்கிறாள் என்பதில் ஐயமில்லை. ஆனால் விரல்கள் உழைக்க, சர்க்கரையை மிகுதியாக ஏற்கவல்ல தொடைத் தசைகள் அசைவற்றுக் கிடக்கின்றன. உழைப்பவருக்கு இந்நோய் வராதென்ற நம்பிக்கை அவளை ஏமாற்றிவிடுகிறது.

பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு அபாயம் கூடுவதும், இருவருக்கும் இருந்தால் மேலும் கூடுவதும் உண்மையே. ஆனால் பரம்பரையை விதியென்று கொள்வதற்கில்லை. நோயின் வாயிலில் நின்றவர்களைக் கொண்டு சென்னையில் மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோரில் 55 விழுக்காட்டினர் மூன்றாண்டுகளில் நோயாளிகளாயினர். நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டோரிலோ அது ஏறக்குறைய 39-ஆகக் குறைந்தது. தமிழகத்தில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டென்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு கூறும் நிலையில், இந்த வித்தியாசம் எத்தனையோ குடும்பங்களின் கண்களையும் கால்களையும் காப்பதாகும். எடையைவிட இடுப்பின் சுற்றளவே நமக்கு ஏற்ற அளவுகோல்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்கு மேற்பட்டால், பார்வைக்கு மெலிந்தவரானாலும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

எனினும் தடுப்பு முயற்சியைக் கர்ப்பிணியிடமிருந்தே தொடங்குவதுதான் நியாயம். குறைந்த போஷாக்கைப் போலவே, தாயின் இரத்தத்தில் மிகுந்த சர்க்கரையும் சிசுவின் எதிர்காலத்தைப் பாதிக்கிறது. கர்ப்பிணிகள் அனைவரையும் பரிசோதிக்கவேண்டுமென்று சென்னை மருத்துவர் வீ. சேஷையா நெடுங்காலம் வாதாடினார்; 2007-இல் தமிழக அரசு அதற்கு ஆணையிட்டது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தில் சர்க்கரையின் அளவைப் பார்க்கிறார்கள். டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்கிறார்கள். பிரசவமானதும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை இறங்கிவிடுவதால், தாயும் வீட்டாரும் அதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் அப்பெண்களில் பலருக்குப் பின்னாளில் அது நிலைத்த நோயாக வருகிறது. ஆகையால் பிரசவித்த ஆறு வாரம் கழித்து ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் அவள் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கைக்குழந்தையை விட்டுவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்வர, வீட்டிலுள்ளவர்கள்தான் வழிசெய்து கொடுக்க வேண்டும்.